ஐம்பத்தைந்து விழுக்காடு

நேற்று மாலை ஐந்தரைக்கு
அது இந்நாட்டு வண்டி.
நான்தான் கையெழுத்திட்டேன்,
சந்தர்லாந்து ஆலையின் ஏற்றுமதி அறையில்
ஹீட்டரை முழங்காலோரம் இழுத்துவைத்துக்கொண்டு.

இரவில் பவுண்டு சரிந்தது.
லண்டனில் யாரோ ஏதோ பேசிவிட்டாராம்.
காலையில் கணக்கைத் திறந்தால்
ஜப்பானிலிருந்து வந்த கியர்பெட்டிக்கு விலை கூடியிருக்கிறது,
துனீசியாவில் பெண்கள் கையால் பின்னிய
கம்பிக்கட்டுக்கும்.
ஐம்பத்தைந்து தேறினால் நம்முடையது.
இப்போது ஐம்பத்து நாலு புள்ளி ஆறு.

முற்றத்தில் மழையில் நிற்கிறது,
ஒரு திருகாணிகூடத் திரும்பாமல்
விடிவதற்குள் அந்நியமாகிவிட்ட வண்டி.
அதன் பின்னால் அதே நிறத்தில் இன்னும் நானூறு.

ஃபியோனா வழி சொல்கிறாள்:
இருக்கைக்குள் வைக்கும் பஞ்சை
ஆற்றுக்கு அக்கரைக் கம்பெனியில் வாங்கினால்
அரை விழுக்காடு ஏறும்.
பஞ்சு!
யார் உட்கார்ந்தாலும் அமுங்கப்போகிற பஞ்சு
ஒரு தேசத்தைத் தூக்கி நிறுத்தும்.

கீத் ராப்சனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
எதிர்வீட்டுக்காரர். இரவுப் பணியில் கதவு மாட்டுகிறவர்,
இருபத்திரண்டு வருடமாக
இடப்பக்கக் கதவு மட்டும்.
தெருமுனையில் எவரேனும் வண்டியைச் சாத்தினால்
செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் தலை திரும்பும்.
“நம்முடையது, பெட்” என்பார்,
பார்ப்பதற்கு முன்பே.
முதலாளிகளை அவர் கண்டதில்லை.
ஒருமுறை டோக்கியோவிலிருந்து நால்வர் வந்தார்கள்;
அன்றைக்கு அவருக்கு விடுப்பு.

வண்டியைச் சாக்கிட்டு
என் கதையைச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள்.
எனக்கு யாரும் விழுக்காடு போட்டதில்லை.
போட்டிருந்தால்,
எந்த நாணயத்தில் என்று கேட்டிருப்பேன்.

படிவத்தில் பிறப்பிடம் என்று ஒரு கட்டம்.
பேனாவை வைத்தால் மொழி இடைஞ்சல் செய்கிறது.
ஊர் என்றால் இடம்.
ஊர் என்றால், மெல்ல முன்னே போ.
நகர் என்றால் பட்டணம்.
நகர் என்றால், தள்ளிப் போ, வழி விடு.
எங்கள் ஊர்ப்பெயர்ச் சொற்கள்கூட
எஞ்சினை அணைக்காமல்தான் நிற்கின்றன.
இதில் எதை எழுத, அந்தச் சின்னக் கட்டத்தில்?
GB என்று எழுதினேன். பிறகு அடித்தேன்.
ஃபியோனா புதுத் தாள் கொடுத்தாள்.

என் சொந்த வண்டி மூன்றாம் கைக்கு வந்தது.
கொரியப் பெயர், ஸ்லோவாக்கியப் பிறப்பு,
முன்பு வைத்திருந்தவரின் நாய்முடி
இன்னும் இருக்கைத் தையலில்.
அதன் இடப்பக்கக் கதவு கார்த்திகையிலிருந்து தொங்குகிறது;
சாத்தினால் தகர டப்பா.

ஞாயிறன்று கீத் வந்தார், வீட்டுச் செருப்போடு,
கையில் ஒரு சாவிக்கட்டை, வாயில் ஒரு திருகாணி.
கதவை முழங்காலில் ஏந்தினார்,
தூங்கும் பிள்ளையை இடம் மாற்றுகிறவர்போல.
சாத்தினார். இல்லை என்றார்.
சாத்தினார். இன்னும் ஒரு மயிரிழை.
சாத்தினார். திட்டினார், வண்டியையல்ல,
அதை முதலில் மாட்டியவனை:
“ஸ்லோவாக்கியாவில் எவனோ
வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டியிருக்கான்.”
வெறுப்பில்லை. சக தொழிலாளியின் எரிச்சல்.

நாலாவது முறை அந்தச் சத்தம் வந்தது,
கனத்து, குறைவாக,
சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வாய்மூடியதுபோல்.
காதைச் சாய்த்துக் கேட்டார்.
“இப்போ நம்மது, பெட்.”

உழைப்பு பதினைந்து நிமிடம்.
கூலி, வாங்க மறுத்துவிட்டார்.
கணக்கில் இதைச் சேர்க்க ஒரு வரி தேடினேன்,
திங்கட்கிழமை, யாரும் பார்க்காதபோது.
இல்லை.

வியாழனன்று பவுண்டு கொஞ்சம் ஏறியது.
ஐம்பத்தைந்து புள்ளி ஒன்று.
முற்றத்து வண்டிகள் மறுபடி இந்நாட்டவை.
யாரும் போய் அவற்றிடம் சொல்லவில்லை.
கடற்காகங்கள் எச்சமிட்ட கூரைகளோடு
ஒன்றன்பின் ஒன்றாய்
ஊர்ந்து
கப்பலேறின.